துணை மின்நிலைய நெட்வொர்க் கருவிகளில் யாரும் கைவைக்கவில்லை என்பதை உறுதிசெய்தல்: முழுமையான வழிகாட்டி

துணை மின்நிலையங்களிலும் அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு மையங்களிலும் உள்ள ரௌட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால், ஆர்டியு (நிலையத் தகவலை மையத்துக்கு அனுப்பி, கட்டளையைப் பெறும் கருவி), பாதுகாப்பு ரிலே (கோளாறு கண்டால் மின்பாதையைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) ஆகியவற்றைச் சரிபார்க்கப் போகும் பொறியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். விடை தேட வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கருவிக்குள் இப்போது ஓடிக்கொண்டிருப்பது தயாரிப்பாளர் தந்த மென்பொருளும் நாம் ஒப்புதல் அளித்த அமைப்புகளும் (கான்ஃபிகரேஷன்) தானா, இல்லை யாராவது உள்ளே புகுந்து கைவைத்திருக்கிறார்களா?

புதியவர்கள் கட்டளைகளில் அதிகம் தடுமாறுவதில்லை. கட்டளைகள் கையேட்டில் இருக்கின்றன. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் ரீபூட் செய்துவிட்டுப் பிறகு தடயம் தேடுகிறார்கள். கருவியையே கேட்டு, அது சொன்னதையே சான்றாக எழுதிக்கொள்கிறார்கள். சந்தேகத்துக்கு உரியவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து வழக்கை முடிப்பதற்கு ஒப்பானது அது. ஒவ்வொரு படியிலும் கருவிக்கு வெளியே உள்ள ஏதாவது ஒன்றோடு ஒப்பிட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தது.

1. புறப்படுமுன் கையில் இருக்க வேண்டியவை

எழுத்துமூல அனுமதி முதலில். எந்த நிலையம், எந்தக் கருவிகள், எந்த நேரம், யார் செய்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு மையத்தின் ஷிஃப்ட் பொறியாளருக்கும் பாதுகாப்புப் பிரிவுப் (ரிலேக்களைக் கவனிக்கும் பிரிவு) பொறியாளருக்கும் அது முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பழைய ரௌட்டரில் பெரிய கோப்புக்கு ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து வரும், கைரேகை போன்ற மதிப்பு) கணக்கிடும்போது சிபியு முழுச் சுமைக்குப் போகலாம். அந்த நேரத்தில் ஸ்கேடா (தொலைக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு அமைப்பு) திரையில் தகவல் நின்றால், ஏன் நின்றது என்பது மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சுத்தமான மடிக்கணினி. மின்னஞ்சல் பார்த்த கணினி இதற்கு ஆகாது. வட்டை அழித்துப் புதிதாக இயங்குதளம் நிறுவி, இந்த வேலைக்கு மட்டும் வைத்திருங்கள். கூடவே கன்சோல் கேபிள் (கருவியில் நேரடியாகச் செருகும் நிர்வாகக் கேபிள்). நெட்வொர்க் வழியாக உள்ளே போவதைவிடக் கன்சோல் வழியே போவது நல்லது. உங்கள் கடவுச்சொல் வழியில் எங்கும் பயணிக்காது என்பதோடு, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது தொலைவில் இருப்பவருக்கு எளிதில் தெரியாது.

மூன்றாவது, இந்த வேலைக்கென்றே உருவாக்கிய கணக்கு. கைவைக்கப்பட்ட கருவி, உள்ளே நுழைபவரின் கடவுச்சொல்லைப் பதிவு செய்துகொள்ளக் கூடும். எல்லா நிலையங்களுக்கும் பொதுவான நிர்வாகிக் கணக்கை அதில் தட்டினால், ஒரு கருவியின் பிரச்சினையை நீங்களே எல்லா நிலையங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

நான்காவது, ஒப்பிடுவதற்கான ஹேஷ் மதிப்புகள். தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து வேறொரு கணினியில், வேறொரு இணைப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குப் போன பிறகு, சோதிக்கப்போகும் அதே ஃபயர்வால் வழியாக இறக்குவது பலர் செய்யும் பிழை.

கடைசியாக ஒரு முடிவு: ஹேஷ் பொருந்தாவிட்டால் கருவியைத் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? இந்தப் பெயர் முதல் நாளே தாளில் இருக்க வேண்டும். நள்ளிரவில் கருவி முன் நின்றுகொண்டு தொலைபேசியில் ஆள் தேடும் நிலை வரக் கூடாது.

2. உண்மையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தல்

அலுவலகத்தில் இருக்கும் பட்டியலை நம்பித் தொடங்காதீர்கள். பேனல் பேனலாக நடந்து பாருங்கள். ஸ்விட்சின் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) அட்டவணையை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் கண்ணால் கண்ட ஒரு கருவி இருக்கிறதா என்று பொருத்துங்கள். பொருத்த முடியாமல் மிஞ்சும் முகவரிதான் அன்றைய முதல் கேள்வி.

பட்டியலில் வழக்கமாக விடுபடுபவை சில உண்டு. சீரியல்-ஈதர்நெட் மாற்றிகள், ஜிபிஎஸ் கடிகாரம், யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் அட்டை, என்றோ ஒப்பந்ததாரர் பொருத்திவிட்டுப் போன சிம் மோடம். இவற்றை யாரும் கணினியாக நினைப்பதில்லை.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டுச் சுமார் 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள். அதில் தாக்கியவர்கள் பிரேக்கர்களைத் (மின்பாதையைத் துண்டிக்கும் சுவிட்சுகளை) திறந்ததோடு நிற்கவில்லை. துணை மின்நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளின் ஃபர்ம்வேரை (கருவிக்குள் பதிந்துள்ள மென்பொருளை) அழித்து எழுதினார்கள். அதனால் தொலைவிலிருந்து பிரேக்கரை மீண்டும் மூட வழியில்லாமல் போனது. ஊழியர்கள் நேரில் போய்க் கையால் மூட வேண்டியிருந்தது. உங்கள் பட்டியலில் அந்த மாற்றிகள் இல்லையென்றால் பட்டியல் முடியவில்லை என்று பொருள்.

சோதிக்கும் வரிசையையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். வெளி உலகைப் பார்க்கும் கருவி முதலில், அதிலிருந்து பிரேக்கருக்குப் போகும் பாதையில் உள்ளவை அடுத்து. தயாரிப்பாளர் ஆதரவு முடிந்த கருவி எங்கிருந்தாலும் முன்வரிசைக்கு வர வேண்டும். 2023-இல் வெளிச்சத்துக்கு வந்த வோல்ட் டைஃபூன் என்ற ஊடுருவல் குழு, ஆதரவு முடிந்த சிறு ரௌட்டர்களைத்தான் தன் மறைவிடமாகப் பயன்படுத்தியது.

3. எதோடு ஒப்பிடப் போகிறோம்

ஒப்பீட்டுக்கு நம்பத்தக்க மூலம் மூன்று உண்டு: தயாரிப்பாளர் வெளியிட்ட ஹேஷ், தொழிற்சாலைச் சோதனையின்போதும் நிலையத்தில் ஏற்றுக்கொண்டபோதும் கையெழுத்தான ஆவணங்கள், பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்குமான ஒப்புதல் பதிவு.

இன்று கருவியில் இருப்பதைப் பிரதி எடுத்து, அதையே தரநிலைப் பிரதி என்று பெயரிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் நாளை மாறுவது மட்டும்தான் தெரியும். நேற்றே புகுந்தவர் நம் ஒப்புதலோடு உள்ளே இருப்பார்.

ஆவணம் எதுவுமே இல்லாத பழைய நிலையங்கள் உண்டு. அங்கே ஒரே மாடல், ஒரே பதிப்பு கொண்ட கருவிகளைப் பல நிலையங்களிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடலாம். இது பலவீனமான சான்று, எல்லாவற்றிலும் ஒரே கை பட்டிருந்தால் வேறுபாடு தெரியாது. அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள்.

ஹேஷ் வகையில் எம்டி5 மட்டும் கிடைத்தால் அதையும் பாருங்கள், ஆனால் ஷா-512 கிடைக்கும் இடத்தில் எம்டி5-ஓடு நின்றுவிடாதீர்கள். ஒரே எம்டி5 மதிப்பு வரும்படி இரண்டு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்க முடியும் என்பது 2004-லிருந்தே தெரிந்த செய்தி.

4. அழியக்கூடியதை முதலில் எடுத்தல்

ரீபூட் செய்யாதீர்கள். ஃபர்ம்வேர் மேம்படுத்தலும் இப்போது வேண்டாம். கேபிளைக்கூட இன்னும் பிடுங்க வேண்டாம்.

நினைவகத்தில் மட்டும் வாழும் தீநிரல்கள் மின்சாரம் போனதும் தடமின்றி மறைந்துவிடும், அவை உள்ளே வந்த வழி மட்டும் திறந்தே இருக்கும். 2018-இல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 கருவிகளைத் தொற்றிய விபிஎன்ஃபில்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரீபூட் செய்தால் அதன் இரண்டாம் நிலைப் பகுதி மறைந்துவிடும், முதல் நிலைப் பகுதி பிழைத்திருந்து இரண்டாவதை மீண்டும் இறக்கிக்கொள்ளும். ரீபூட் செய்தவருக்குக் கிடைப்பது அழிந்த சான்றும் உயிரோடுள்ள நோயும்தான்.

எடுக்க வேண்டிய வரிசை இது. முதலில் கருவியின் கடிகார நேரத்தையும் உங்கள் கைக்கடிகார நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். பிறகு இப்போது உள்ளே இருக்கும் பயனர்கள், திறந்திருக்கும் இணைப்புகள், ஓடும் செயல்முறைகள், ரௌட்டிங் அட்டவணை, ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரி) அட்டவணை. அடுத்து ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு. அதன் பின் நினைவகப் பிரதி. சேமிப்பில் உள்ள கோப்புகள் எங்கும் போய்விடப்போவதில்லை, அவை கடைசியில் வரட்டும்.

நேரம் ஏன் முதலில் என்று கேட்பார்கள். கருவியின் பதிவேடும் மையப் பதிவு சர்வரும் வெவ்வேறு நேரம் காட்டினால், பின்னால் நிகழ்வுகளை வரிசைப்படுத்த முடியாது. கடிகார வேறுபாடு தெரிந்தால் திருத்திப் படித்துக்கொள்ளலாம்.

நினைவகப் பிரதி எடுக்கும் படி ஆபத்தானது. சில மாடல்களில் அந்தக் கட்டளையே கருவியை மறுதொடக்கம் செய்துவிடும். அந்த மாடலுக்கான தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்துவிட்டு, மாற்றுப் பாதை இருக்கும்போதோ ஷட்டவுன் நேரத்திலோ மட்டும் செய்யுங்கள். இந்த இடத்தில் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 2024-இல் வெளியான ஆர்கேன்டோர் தாக்குதலில், சிஸ்கோ ஃபயர்வால்களுக்குள் நினைவகத்தில் வாழ்ந்த லைன் டான்சர் என்ற தீநிரல், நினைவகப் பிரதி எடுக்கும் செயலையே இடைமறித்து, பிரதி உருவாகாமல் நேரே ரீபூட்டுக்குத் தாவச் செய்தது. பிரதி கேட்டதும் ஒன்றும் எழுதாமல் கருவி மறுதொடக்கமானால், "கருவி பழையது, அப்படித்தான்" என்று கடந்துபோகக் கூடாது. அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

பதிவேடுகளைக் கருவியிலிருந்தும் எடுங்கள், மையப் பதிவு சர்வரிலிருந்தும் எடுங்கள். அதே தாக்குதலில் கருவியின் பதிவு அனுப்பும் வசதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். சர்வரில் ஒரு கருவியின் வரிகள் சில மணி நேரம் காணாமல் போயிருந்தால், எழுதப்படாத அந்த நேரம்தான் நீங்கள் தேடும் நேரம்.

5. சேமிப்பில் உள்ள ஃபர்ம்வேர்

முதலில், கருவி எந்தக் கோப்பிலிருந்து துவங்கியது என்று பாருங்கள். சிஸ்கோவில் ஷோ வெர்ஷன் கட்டளையின் வெளியீட்டில் அந்த வரி இருக்கும். ஃபிளாஷில் (கருவியின் நிரந்தரச் சேமிப்பில்) இரண்டு மூன்று பதிப்புகள் கிடக்கும். பழைய பதிப்புக்கு ஹேஷ் எடுத்துப் பொருந்திவிட்டது என்று எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. துவங்கிய கோப்பு, அடுத்த முறை துவங்க வேண்டும் என்று அமைப்பில் எழுதியுள்ள கோப்பு, நீங்கள் சோதித்த கோப்பு ஆகிய மூன்றும் ஒன்றா என்பதைப் பதிவு செய்யுங்கள்.

பிறகு இரண்டு வழிகளில் ஹேஷ் எடுக்க வேண்டும். கருவியிலேயே சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டுவது ஒன்று. கோப்பைப் பாதுகாப்பான முறையில் மடிக்கணினிக்குப் பிரதி எடுத்து அங்கே கணக்கிடுவது மற்றொன்று. வெளியில் எடுத்த மதிப்பே நமக்குச் சான்று. அப்படியிருக்க, கருவி சொல்லும் மதிப்பு எதற்கு? இரண்டும் வேறுபட்டால் கருவி பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு வேறுபாட்டுக்கு இணையான சான்று வேறெங்கும் எளிதாகக் கிடைக்காது.

பொருந்தவில்லை என்றதும் அலறாதீர்கள். பாதியில் அறுந்த பிரதி, எஃப்டிபியில் பைனரி முறைக்குப் பதில் உரை முறையில் மாற்றிய கோப்பு, தயாரிப்பாளர் பக்கத்தில் அடுத்த வரியில் இருந்த வேறு பதிப்பின் ஹேஷ் ஆகிய மூன்றும் அன்றாடம் நடப்பவை. மறுபடி பிரதி எடுங்கள். இரண்டு பிரதிகளும் ஒரே மதிப்பைத் தந்து, அந்த மதிப்பு தயாரிப்பாளருடையதோடு பொருந்தவில்லை என்றால் 11-ஆம் படிக்குப் போங்கள்.

கோப்பின் அளவும் தேதியும் சரியாக இருக்கின்றன என்பதைச் சோதனையாகவே எண்ண வேண்டாம். 2015-இல் கண்டுபிடிக்கப்பட்ட சின்ஃபுல் நாக் என்ற தீநிரல், சிஸ்கோ ரௌட்டரின் ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) கோப்பில் ஏற்கெனவே இருந்த செயற்கூறுகளின் மேலேயே தன் நிரலை எழுதிக்கொண்டது, அதனால் கோப்பின் அளவு மாறவில்லை. உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது. அது தொற்றிய 1841, 2811, 3825 என்ற மாடல்கள், நம் ஊர் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியவை. உள்ளே நுழைய மென்பொருள் ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. மாற்றப்படாத கடவுச்சொல்லோ திருடிய கடவுச்சொல்லோ போதுமாக இருந்தது.

6. ஓடிக்கொண்டிருக்கும் நினைவகம்

ஃபிளாஷில் உள்ள கோப்பு சுத்தம் என்பதால் ஓடுவதும் சுத்தம் என்று ஆகிவிடாது. தாக்கியவர் நினைவகத்தில் மட்டும் மாற்றிவிட்டுக் கோப்பைத் தொடாமல் விடலாம். "சார், ஹேஷ் பொருந்திவிட்டது, முடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்கும் இளையவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தப் படிதான்.

பழைய சிஸ்கோ ஐஓஎஸ்ஸில், நினைவகத்தின் நிரல் பகுதிக்கு எம்டி5 கணக்கிடும் வசதி உண்டு. நிரல் பகுதி ஓடும்போது மாறக் கூடாதது. எனவே அதே பதிப்பின் சுத்தமான கோப்பிலிருந்து பிரித்தெடுத்த நிரல் பகுதியின் ஹேஷோடு அது பொருந்த வேண்டும். இங்கேயும் கருவியே கணக்கிட்டுச் சொல்கிறது என்பதால், முடிந்தால் நினைவகப் பிரதியை வெளியில் எடுத்து அங்கே பிரித்துக் கணக்கிடுங்கள்.

புதிய கருவிகளில் இந்த முறை அப்படியே பொருந்தாது. அவற்றில் ஓடும் மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தைக் காட்டும் கட்டளை இருக்கும். கையொப்பம் செல்லுமா என்பதோடு நிற்காமல், யாருடைய சாவி, எந்த வகைச் சாவி என்றும் பாருங்கள். தயாரிப்பாளரின் உள்சோதனைக்கான சாவியில் கையொப்பமிட்ட மென்பொருள் மின்நிலையத்தில் ஓடுவதற்குக் காரணம் எதுவும் கிடையாது.

7. துவக்க நிரல்

மென்பொருளை ஏற்றிவிடும் சிறு நிரல் கைவைக்கப்பட்டிருந்தால், மேலே எத்தனை முறை புதுப்பித்தாலும் பயனில்லை. நிர்வாகிக் கடவுச்சொல்லோடு நுழைந்தவர்கள் ராம்மானை (சிஸ்கோவின் துவக்க நிரலை) மாற்றிவைக்கிறார்கள் என்று 2015 ஆகஸ்டில் சிஸ்கோவே எச்சரித்தது. 2025 செப்டம்பரில் வெளியான ரேஇனிஷியேட்டர் என்ற தீநிரல், பாதுகாப்பான துவக்க வசதி (கையொப்பம் சரிபார்த்த பிறகே மென்பொருளைத் துவக்கும் வசதி) இல்லாத பழைய சிஸ்கோ ஏஎஸ்ஏ 5500-எக்ஸ் ஃபயர்வால்களில் ரீபூட்டையும் மேம்படுத்தலையும் தாண்டி நிலைத்தது.

பாதுகாப்பான துவக்க வசதி உள்ள கருவியில், ஒருமைப்பாட்டு அளவீடுகளைக் கையொப்பத்தோடு கேட்டு வாங்கலாம். கேட்கும்போது ஒரு தற்செயல் எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். அந்த எண் பதிலுக்குள் கையொப்பமாகித் திரும்பி வருவதால், பழைய நல்ல பதிலைச் சேமித்து வைத்து மறுபடி காட்டும் ஏமாற்று நடக்காது. கையேட்டில் எடுத்துக்காட்டாக உள்ள எண்ணையே எல்லா நிலையத்திலும் தட்டுவதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிய எண் வேண்டும்.

பதிப்பு எண் கீழே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாக்டெக் என்ற ஊடுருவல் குழுவைப் பற்றி அமெரிக்க, ஜப்பானிய அமைப்புகள் 2023 செப்டம்பரில் விடுத்த கூட்டு எச்சரிக்கையில் இது தெளிவாக இருக்கிறது: முதலில் பழைய, முறையான கையொப்பமுள்ள ஃபர்ம்வேரை ஏற்றி, அதன் பலவீனத்தைப் பயன்படுத்தி மாற்றிய ஃபர்ம்வேரைப் புகுத்தினார்கள். கையொப்பம் செல்லும், பதிப்பு மட்டும் யாரும் ஒப்புதல் தராத பழையதாக இருக்கும்.

பாதுகாப்பான துவக்க வசதியே இல்லாத கருவியை வெளி எல்லையில் வைத்திருந்தால், அதை இந்தச் சோதனையால் தேற்ற முடியாது. மாற்றப் பரிந்துரை எழுதுங்கள்.

8. அமைப்புகள்

ஓடும் அமைப்பு, சேமித்த அமைப்பு, காப்பகத்தில் உள்ள ஒப்புதல் பெற்ற அமைப்பு ஆகிய மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஓடுவதற்கும் சேமித்ததற்கும் வேறுபாடு இருந்தால் யாரோ சேமிக்க மறந்திருக்கலாம். ஒப்புதல் பதிவில் அந்த மாற்றம் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கும். பதிவு இல்லாத வரி எதுவானாலும், "பரவாயில்லை, சின்ன வரிதான்" என்று விட வேண்டாம்.

புதிய பயனர், புதிய எஸ்எஸ்எச் சாவி, எழுதும் உரிமையுள்ள எஸ்என்எம்பி (தொலை நிர்வாக நெறிமுறை) கடவுச்சொல், யாரும் கேட்காத டனல், போர்ட் பிரதிபலிப்பு (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொன்றுக்கும் அனுப்புவது), அணுகல் பட்டியலில் நடுவே நுழைந்த ஓர் அனுமதி வரி, நிறுத்தப்பட்ட பதிவு அனுப்பல் ஆகியவற்றில்தான் கண் முதலில் போக வேண்டும்.

இவற்றோடு நிகழ்வு சார்ந்து தானாக ஓடும் சிறு நிரல்களையும் பாருங்கள். பிளாக்டெக் இவற்றைக் கொண்டே குறிப்பிட்ட கட்டளைகளின் வெளியீட்டிலிருந்து சில வரிகளை நீக்கிக் காட்டியது. திரையில் தெரியும் அமைப்பே வடிகட்டப்பட்டதாக இருக்கலாம் என்பதால், சேமித்த அமைப்புக் கோப்பை முழுதாக வெளியே பிரதி எடுத்து அங்கே படியுங்கள்.

9. பிஎல்சி, ஆர்டியு, ரிலே

இங்கே வரிசை மாறுகிறது. கருவிக்கு முன்னால் பொறியியல் கணினியை (கருவிக்கு நிரலும் செட்டிங்கும் ஏற்றும் கணினியை) சோதிக்க வேண்டும்.

2010-இல் வெளியான ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், சீமென்ஸ் பிஎல்சிக்களோடு (இயந்திரங்களை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிகளோடு) பேசும் நிரல் நூலகத்தைப் பொறியியல் கணினியிலேயே மாற்றி வைத்தது. பொறியாளர் பிஎல்சியில் உள்ள லாஜிக்கை (இயக்க நிரலை) படிக்கும்போது, அந்தப் போலி நூலகம் தான் எழுதிய பகுதிகளை மறைத்துவிட்டு மற்றதைக் காட்டியது. பிஎல்சி உள்ளபடியே பதில் சொன்னாலும் கணினி அதைத் திரித்துக் காட்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கணினியில் அமர்ந்து, லாஜிக்கைப் படித்து, "காப்பகத்தோடு பொருந்துகிறது" என்று எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை. புதிதாக நிறுவிய கணினி, ஹேஷ் சரிபார்த்த பொறியியல் மென்பொருள், காப்பகத்திலிருந்து எடுத்த திட்டக் கோப்பு ஆகிய மூன்றோடுதான் லாஜிக்கைப் படித்து ஒப்பிட வேண்டும்.

கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்டு: கருவியில் செருகித் திருப்பும் சாவி எந்த நிலையில் இருக்கிறது? 2017-இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோவேதி ஆலையில் டிரைட்டன் தீநிரல் டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் நுழைய முடிந்ததற்கு, அவற்றின் சாவி நிரல் எழுதும் நிலையில் விடப்பட்டிருந்தது ஒரு காரணம். சாவியை இயக்க நிலைக்குத் திருப்பி எடுத்து, பூட்டிய அலமாரியில் வைத்து, எடுப்பவர் கையெழுத்திட வேண்டும். இதற்குச் செலவும் இல்லை, மென்பொருளும் வேண்டாம். ஆனாலும் மிக அதிகமாக மீறப்படும் விதி இதுதான்.

ரிலேக்களில் செட்டிங் கோப்பை எடுத்து, பாதுகாப்புப் பிரிவு ஒப்புதல் அளித்த கோப்போடு ஒப்பிடுங்கள். நீங்களே முடிவு சொல்லாதீர்கள், பாதுகாப்புப் பொறியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். மிகைமின்னோட்ட அளவில் ஓர் எண் மாறியிருப்பது கடந்த மாதம் சுமை கூடியதற்காக அவரே செய்த மாற்றமாக இருக்கலாம். ஐஇசி 61850 (நிலையக் கருவிகள் தமக்குள் பேசும் தரநிலை) நிலையங்களில், அமைப்புக் கோப்பின் திருத்த எண்ணும் கருவி காட்டும் திருத்த எண்ணும் பொருந்த வேண்டும்.

பெரும்பாலான ரிலேக்களும் ஆர்டியுக்களும் தம் ஃபர்ம்வேரை வெளியே எடுக்க விடாது. பதிப்பு எண்ணைப் பார்த்து நிறைவடைய முடியாது, எழுதியவர் நினைத்தால் எந்த எண்ணும் காட்டும். அங்கே ஒரே நேர்மையான வழி, ஷட்டவுன் நேரத்தில் ஹேஷ் சரிபார்த்த ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றி, ஒப்புதல் பெற்ற செட்டிங்கை எழுதி, இரண்டாம்நிலை மின்னோட்டம் செலுத்தி முழுச் சோதனை செய்வது. டிரிப் இணைப்பை (ரிலே பிரேக்கரைத் திறக்கும் இணைப்பை) பிரித்த பிறகே இதைத் தொட வேண்டும், சோதனை முடிந்ததும் மீண்டும் இணைத்ததை இருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஆர்டியு, பிஎல்சி எதையும் போர்ட் ஸ்கேன் செய்யாதீர்கள். அலுவலக நெட்வொர்க்கில் பழகியவர்கள் பழக்க தோஷத்தில் செய்துவிடுகிறார்கள். எதிர்பாராத பொட்டலம் வந்தால் உறைந்துபோகும் பழைய கருவிகள் இன்னும் பணியில் இருக்கின்றன.

10. வெளியிலிருந்து நடத்தையைப் பார்த்தல்

துணை மின்நிலையத்தின் போக்குவரத்து மிக ஒழுங்கானது. ஐஇசி 104 (ஆர்டியுவும் மையமும் பேசும் நெறிமுறை) என்றால் 2404 போர்ட்டில், குறிப்பிட்ட கட்டுப்பாட்டு மைய முகவரிகளோடு மட்டும், சீரான இடைவெளியில் பேசும். அலுவலக நெட்வொர்க்கில் கிடைக்காத இந்த ஒழுங்கு நமக்குப் பெரிய வரம். ஆர்டியு ஒரு பெயர் வினவலை (இணையப் பெயருக்கு முகவரி கேட்பதை) அனுப்பினால், ரௌட்டர் தானாக வெளியே ஓர் இணைப்பைத் திறந்தால், உடனே கண்ணில் படும்.

இதைப் பார்க்க, ஒளியிழையில் மின்சாரம் தேவைப்படாத டேப் (போக்குவரத்தின் பிரதியைத் தரும் சிறு கருவி) பொருத்துங்கள். சந்தேகத்துக்குரிய ஸ்விட்சின் போர்ட் பிரதிபலிப்பை நம்பினால், எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது மீண்டும் அதே ஸ்விட்ச்தான். டேப் பதிவில் தெரியும் இணைப்புகளையும், 4-ஆம் படியில் கருவி தானே சொன்ன இணைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சரியான நெறிமுறையில் பேசுகிறது என்பதும் போதாது. 2016 டிசம்பர் 17 அன்று கீவ் நகரின் வடக்கே ஒரு நிலையத்தைத் தாக்கிய இண்டஸ்ட்ராயர் என்ற தீநிரல், ஐஇசி 104, 61850 ஆகிய அதே நெறிமுறைகளில்தான் பேசக் கற்றிருந்தது. எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கட்டளை என்பதைக் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்கப் பதிவேட்டோடு பொருத்துங்கள். இயக்குநர் கொடுக்காத திறப்புக் கட்டளை ஒன்று டேப் பதிவில் இருந்தால் விசாரணை அங்கிருந்து தொடங்கும்.

11. வேறுபாடு உறுதியானால்

கருவியை அணைக்காதீர்கள். பெயர் குறித்து வைத்த அதிகாரியிடம் தெரிவித்து, அவர் சொன்ன பிறகு நெட்வொர்க்கிலிருந்து மட்டும் பிரியுங்கள், மின்சாரம் இருக்கட்டும். பிரிப்பதற்கு முன் மாற்றுத் தொடர்பு தயாராக வேண்டும்: பிஎல்சிசி (மின்கம்பி வழியே பேசும்) தொலைபேசி வேலை செய்கிறதா, நிலையத்தில் கையால் இயக்க ஆள் இருக்கிறாரா? கண்காணிப்பு இல்லாமல் நிலையம் இருட்டில் நிற்பது தாக்கியவருக்குச் சாதகமாகிவிடலாம்.

இந்தியாவில், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான சர்ட்-இன் (நாட்டின் கணினி அவசரநிலை எதிர்வினை அமைப்பு) உத்தரவின்படி, நிகழ்வு தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளது. முழு விவரம் கிடைத்த பிறகு அறிவிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், தெரிந்த அளவுக்கு அனுப்பிவிட்டுப் பின்னர் சேர்க்கலாம். அறிவிக்கப்பட்ட முக்கிய உள்கட்டமைப்பு என்றால் தேசிய முக்கியத் தகவல் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையத்துக்கும் போக வேண்டும்.

"புதிய ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்ற யோசனை இந்தக் கட்டத்தில் கட்டாயம் யாரிடமிருந்தாவது வரும். ஏற்காதீர்கள். 2022-இல் வெளியான சைக்ளாப்ஸ் பிளிங்க் என்ற தீநிரல், வாட்ச்கார்டு ஃபயர்வாலின் மேம்படுத்தல் செயலுக்குள்ளேயே தன்னை நுழைத்துக்கொண்டது. மேம்படுத்தல் கோப்பைச் சோதிக்கும் குறியீட்டு மதிப்பைத் தானே மறுபடி கணக்கிட்டு எழுதியதால், புதுப்பித்த பிறகும் அது உள்ளே இருந்தது. வேறு கருவி பொருத்துங்கள், பழையதை முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்புங்கள்.

அதே நாளில், அந்தக் கருவி வழியே போன எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அதே மாடல், அதே நிர்வாகி, அதே ஒப்பந்ததாரர் கைபட்ட மற்ற நிலையங்களைச் சோதனைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுவாருங்கள்.

12. பொருந்தியிருந்தால் முடிக்கும் முறை

எதைச் சோதித்தீர்கள் என்பதோடு எதைச் சோதிக்க முடியவில்லை என்பதையும் கருவிவாரியாக எழுதுங்கள். "ஃபிளாஷ் கோப்பு பொருந்தியது, நினைவகம் பார்க்கப்படவில்லை, துவக்க நிரல் சோதிக்க வசதியில்லை" என்பது நல்ல வரி. "அனைத்தும் சரி" என்று எழுதினால், அடுத்து வருபவர் பார்க்கப்படாததையும் பார்த்ததாக எடுத்துக்கொள்வார்.

எடுத்த ஹேஷ் மதிப்புகளையும் அமைப்புகளையும் அந்த நெட்வொர்க்கோடு இணைப்பில்லாத இடத்தில், தேதியும் இருவர் கையொப்பமும் இட்டுச் சேமியுங்கள்.

அடுத்த சோதனையை நாள்காட்டி மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஃபர்ம்வேர் மேம்படுத்தல் முடிந்ததும், தயாரிப்பாளரின் ஆள் வந்து போனதும், பழுதுபார்க்கப் போன கருவி திரும்பி வந்ததும், நிர்வாகி ஒருவர் பணி மாறியதும் செய்ய வேண்டும். பழுதுபார்த்து வந்த கருவியைப் பேனலில் ஏற்றுவதற்கு முன் மேசை மீதே சோதித்துவிடுங்கள். பொருத்திய பிறகு அதற்கு அனுமதி வாங்குவது கடினம்.

நிலையத்தை விட்டுக் கிளம்புமுன், இந்த வேலைக்காக உருவாக்கிய கணக்கை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்குங்கள். நீக்கியதைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒருவர் உறுதிசெய்து, அனுமதித் தாளை முடித்துக் கையெழுத்திட வேண்டும்.